குதிரைக்கு வாய்க்கம்பி இல்லாத கயிற்றுத் தலைக்கட்டு: இடது லகானை இழுத்தால் இடது கண்ணுக்கே கயிறு வருது, எங்கே தப்பு?

செம்மண்தடம் (தேவகோட்டை பக்கம்)

அந்தியூர்ச் சந்தைக் குதிரை. மார்வாரிக் கலப்பு, ஏழு வயசுப் பெட்டை, 14.2 கை (147 செ.மீ. பக்கம்) உயரம். கடைவாயில் பழைய கம்பிப் புண் ஆறின தழும்பு இருக்கு. அதனால கம்பி இல்லாம ஓட்டுறதுக்குக் கயிற்றுலேயே தலைக்கட்டு கட்டியாச்சு. ஹார்டுவேர் கடைப் பச்சைக் கயிறு, 6 மி.மீ., மொத்தம் 7 மீட்டர். மூக்கைச் சுத்தி ஒரு வளையம், தாடைக்குக் கீழே ஃபியடோர் முடிச்சு (கயிறெல்லாம் ஒண்ணு சேர்ந்து அடியில ஒரு கண்ணி விடுற முடிச்சு), அந்த முடிச்சுக் கண்ணியிலேயே ரெண்டு லகானும்.

நிறுத்தினா நிக்குது. திருப்பும்போதுதான் தொந்தரவு. இடது லகானை இழுத்தா இடது கன்னத்துக் கயிறு இடது கண்ணு மேலேயே ஏறுது. வலது பக்கமும் இதே கதை. அரை மணி நேர சவாரிக்குள்ள இடது காதுக்குக் கீழே இருக்கிற கட்டும் இளகிடுது. மூக்கு மேல ரெண்டு இடத்துல முடி உதிர்ந்திருக்கு. அளவு தப்பா, முடிச்சு தப்பா, கயிறே தப்பா?

வாரும் வளையமும் (காரைக்குடி)

எந்தப் பக்கம் இழுத்தா எந்தக் கண்ணுக்குக் கயிறு வருதுன்னு நீங்க எழுதினதுலயே பாதிப் பதில் இருக்கு. இடதை இழுத்து இடது கண்ணுக்கு வந்தா, லகான் தாடைக்கு அடியில மாட்டியிருக்குன்னு அர்த்தம். அடியில இருக்கிற கண்ணி இடது பக்கமா மேலே ஏறும், இடது பக்கம் இருந்த மூக்குக் கயிறு மூக்குத் தண்டு மேல வந்து நிக்கும், அது கூடவே கன்னக் கயிறும் முன்னால வரும். அதுவே இடதை இழுத்து *வலது* கண்ணுக்கு வந்தா நோய் வேற: லகான் பக்கவாட்டுல சரியாத்தான் இருக்கு, ஆனா மூக்குக் கயிறு தொளதொளன்னு இருக்கு, இல்லேன்னா தாடைக் கயிறு இல்லை.

நீங்க கட்டியிருக்கிறது கையில பிடிச்சு நடத்துற தலைக்கயிறு. தரையில பழக்க அது நல்ல சாமான். சவாரிக்கு லகான் ரெண்டு கன்னத்துலயும் தனித்தனி வளையத்துல வரணும். சைடுபுல்னு சொல்றது அதைத்தான்.

40 மி.மீ. உள்விட்டம் உள்ள எஃகு வளையம் ரெண்டு வாங்குங்க. வெல்டு வச்ச இடத்தை விரலால தடவிப் பாருங்க, பிசிறு இருந்தா அரம் போடுங்க. மூக்குத் துண்டுக்கு 10 மி.மீ. கயிறு. உங்க குதிரை உயரத்துக்கு வளையத்துல இருந்து வளையம் வரை 28 செ.மீ. பக்கம் வரும், ஆனா என் கணக்கை நம்பாம சணல் நூல் வச்சு மூக்கு மேலேயே அளந்துக்கோங்க. ரெண்டு முனையையும் வளையத்துல விட்டு 9 செ.மீ. மடக்கணும், அதனால 46 தேவை, 50 வெட்டுங்க. மடக்கின இடத்துல முடிச்சு போடாதீங்க. வளையத்தோட சேர்ந்து முடிச்சு கன்ன எலும்பு மேல உட்காரும். செருப்புத் தைக்கிற மெழுகு நூலால கயிற்றை ஊடுருவி நாலு தையல் போட்டு, அதுக்கு மேல 15 சுத்து நெருக்கிச் சுத்துங்க. இப்படி ஒவ்வொரு மடிப்புலயும் ரெண்டு இடம்.

மோவாய்க்குக் கீழே கயிறு வேண்டாம். பக்கிள் வச்ச 20 மி.மீ. தோல் வார் போடுங்க. ஒரு ஓட்டை இறுக்கி ஒரு ஓட்டை தளர்த்த வார் இருந்தாதான் முடியும்.

கன்னம், உச்சி (காதுக்குப் பின்னால போறது), தாடை மூணுக்கும் சேர்த்து 6 மி.மீ. கயிறு 4 மீட்டர் போதும், மிச்சமும் வரும். கன்னக் கயிற்றுல கண்ணோட கீழ்மட்டத்துக்கு ரெண்டு விரல் கீழே ஒரு முடிச்சுக் கண்ணி வரணும். அதுல இருந்து தாடைக் கயிறு கிளம்பி, உருண்டையா இருக்கிற தாடை எலும்புக்குப் பின்னால சுத்தி அந்தப் பக்கக் கண்ணிக்குப் போகணும். கன்னக் கயிற்றைக் கண்ணுக்குப் போகவிடாம பின்னால இழுத்துப் பிடிக்கிறது அதுதான். ரெண்டு விரல் நுழையிற இறுக்கம் வேணும். தொண்டைப் பட்டை மாதிரி ஒரு கைமுட்டி இடம் விட்டீங்கன்னா அது இருந்தும் பயனில்லை.

வெட்டுறதுக்கு முன்னால உங்க கயிற்றுலேயே ஒரு முடிச்சு போட்டு இறுக்கி, முன்ன பின்ன நீளத்தை அளந்து பாருங்க. ஒரு முடிச்சு எவ்வளவு தின்னுதுன்னு தெரிஞ்சாதான் கணக்கு நிக்கும். முதல் தடவை கட்டுறவங்க எல்லாருக்கும் ஒரு கன்னம் குட்டையாப் போறது இதை விட்டதால.

மெழுகுநூல்

கட்டு இளகுவதற்கு இரண்டு காரணம் உண்டு.

ஒன்று, கட்டும் விதம். உச்சிக் கயிற்றின் வால் இடது கண்ணிக்குள் கீழிருந்து மேலாக வந்து, கண்ணியின் *கழுத்தை*, அதாவது கண்ணிக்குக் கீழே இரண்டு இழையும் சேரும் இடத்தைப் பின்பக்கமாகச் சுற்றி, தன் இழைக்கே அடியில் நுழைய வேண்டும். பலரும் கண்ணிக்கு மேலே, உச்சிக் கயிற்றையே சுற்றிக் கட்டிவிடுகிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். மேலே கட்டியது இழுக்க இழுக்கக் கீழே நழுவும்; பாரம் விழுந்துவிட்டால் இறுகி, பல்லால் கடித்தாலும் அவிழாது. மிஞ்சும் வால் குதிரையின் பின்பக்கம் பார்த்திருக்கட்டும். முன்பக்கம் விட்டால் காற்றுக்குக் கண்ணில் அடிக்கும்.

இரண்டு, கயிறு. பச்சைக் கயிறு என்றால் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். ஒரு சாண் வெட்டி வாளித் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பெரும்பாலும் அதுதான். பாலியெஸ்டரும் நைலானும் மூழ்கும். பாலிபுரொப்பிலீன் வழவழப்பானது, முடிச்சைப் பிடித்து வைக்காது. வெயிலில் கிடந்தால் இழை நொறுங்கி முள்முள்ளாக நிற்கும். மூக்கில் முடி உதிர்ந்ததற்கு அந்த முள்ளுக்கும் பங்கு உண்டு. நைலான் வலுவானதுதான், ஆனால் நீளும். நனைந்தால் இன்னும் நீளும். கையைத் தளர்த்தியது குதிரைக்குத் தாமதமாகப் போய்ச் சேரும். இரட்டைப் பின்னல் பாலியெஸ்டர் வாங்குங்கள். தேங்காய் நார்க் கயிறு மாட்டுக்குச் சரி, குதிரை மூக்குத் தோலுக்கு ஆகாது. லகானுக்கு மட்டும் 12 மி.மீ. பருத்திப் பின்னல், 2.6 மீட்டர். வியர்த்த கையிலும் நிற்கும், இழுபட்டாலும் உள்ளங்கையைச் சுடாது.

முனையைத் தீயில் உருக்கியதோடு விட்டுவிடாதீர்கள். உருகிய குமிழ் ஆறினால் கண்ணாடிச் சில்லு போல அறுக்கும். அதன் மேல் மெழுகு நூல் சுற்றி மூடுங்கள்.

கண்மாய்க்கரை (திருமயம்)

மூக்குத் துண்டு எங்கே உட்காருதுன்னு யாரும் கேட்கலையே. கன்னத்துல கண்ணுக்குக் கீழே நீளமா ஓடுற எலும்பு வரம்பைத் தடவிக்கிட்டே கீழே வாங்க. அது முடியிற இடத்துக்கு ரெண்டு விரல் கீழே. அந்த இடத்துல மூக்குத் தண்டை ரெண்டு பக்கமும் அமுக்கிப் பாருங்க, கெட்டியா எலும்பு தட்டணும். இன்னும் கீழே போனா எலும்பு மெலிஞ்சு, நுனியில வெறும் குருத்தெலும்பு. அங்கே இழுத்தா மூச்சும் தடைபடும், எலும்பு நுனியே உடையவும் கூடும். மேலே ஏத்தினா வரம்பு மேலேயே உரசும், முகத்து நரம்பு வெளியே வர்ற துவாரமும் அங்கே பக்கத்துலதான். கம்பி இல்லைன்னா வலி இல்லைன்னு நினைச்சுக்கிறாங்க. 6 மி.மீ. கயிறு மூக்கெலும்பு மேல நூல் வச்சு வெண்ணெய் வெட்டுற மாதிரிதான். அதனாலதான் 10 மி.மீ. அதுக்கும் மேல மெல்லிசு ஆட்டுத் தோலை, மழமழப்புப் பக்கம் வெளியே இருக்க உறையாத் தைச்சா ரொம்ப நல்லது. தையல் மூக்குல படாம வெளிப்பக்கம் வரணும். முன்பக்கம் மூக்குத் தண்டு மேல ரெண்டு விரல் படுக்கையா நுழையணும். பக்கவாட்டுல நுழைச்சுப் பார்த்து ஏமாறாதீங்க, அங்கே எப்பவும் இடம் இருக்கும்.

மார்வாரின்னா காது நுனி உள்பக்கம் வளைஞ்சு இருக்கும், காதை ரொம்ப ஆட்டும். உச்சிக் கயிறு காதடியில ஒட்டினா அங்கேதான் முதல்ல தோல் போகும். காதுக்கும் கயிறுக்கும் நடுவுல ஒரு விரல் இடம் விடுங்க.

செம்மண்தடம்

வாளியில போட்டுப் பார்த்தாச்சு, மிதக்குது. தாடைக்குக் கீழே குறுக்கே போய் எதிர்க் கன்னத்துக்கு ஏறுற மாடல் இருக்கே, அதையும் கயிற்றுலேயே கட்ட முடியுமா? இன்னொண்ணு, சவாரி நடுவுல இதை வச்சே வேப்பமரத்துல கட்டலாமா?

வாரும் வளையமும் (காரைக்குடி)

குறுக்கு மாடலைக் கயிற்றுல கட்டாதீங்க அண்ணே. அதுல ஒரு பக்கம் இழுத்தா எதிர்க் கன்னம், உச்சி, தாடை எல்லாத்தையும் சேர்த்து அணைக்கும். கையை விட்டதும் வார் வளையத்துக்குள்ள வழுக்கித் திரும்பணும். மழமழப்புத் தோல் வாரே சில சமயம் சிக்கும். கயிறுன்னா, அதுவும் செம்மண் புழுதி ஏறின கயிறு, இழுத்த இடத்துலேயே நிக்கும். நீங்க விட்டாலும் குதிரைக்கு விட்டதாத் தெரியாது. ரெண்டு நாள்ல லகானுக்கு மரத்துப் போகும்.

மரத்துல கட்டவே கூடாது. இந்தக் கயிறு அறாது, குதிரை மிரண்டு பின்னால இழுத்தா அறுபடறது மூக்குதான். தலைக்கட்டுக்கு அடியில சாதாரணத் தலைக்கயிறு போட்டு, அதைக் கட்டுங்க. மரத்துல நேரா முடியாம, நடுவுல ரெண்டு சுத்து சணல் விட்டுக் கட்டினா அது முதல்ல அறும்.

கண்மாய்க்கரை (திருமயம்)

புதுசைப் போட்டதும் ஏறிடாதீங்க. தரையில நின்னு இடது, வலது, பின்வாங்கல் மூணும் ரெண்டு விரல் இழுப்புக்குக் கேட்கணும். அப்புறம் வேலி போட்ட இடத்துல ஒரு வாரம். ஒரே லகானால குதிரைத் தலையை உங்க முழங்கால் பக்கம் கொண்டுவந்து நிறுத்துற பழக்கம் நடையிலேயே படியணும். ஓட்டத்துல முதல் தடவை செஞ்சா குதிரை சரிஞ்சு விழும். இது படியாம புரவி எடுப்பு, மஞ்சுவிரட்டுன்னு வெடிச் சத்தம் இருக்கிற பக்கம் கொண்டு போகாதீங்க.

சவாரி முடிஞ்சதும் மூக்குத் துண்டை வெறும் தண்ணியில ஊற வச்சு அலசி நிழல்ல காயப் போடுங்க. வியர்வை உப்பும் புழுதியும் பின்னலுக்குள்ள இறங்குச்சுன்னா உள்ளேயிருந்தே இழையை அரிக்கும். வாரம் ஒருக்கா வளைய மடிப்பை விரிச்சு மெழுகு நூலைப் பாருங்க. முதல்ல விடுறது அந்த இடம்தான்.