புதுப்பிப்பு: கார் ஏற்ற லோங்காங்கை (தெருவோர வடிகாலை) மூடியதற்கு நோட்டீஸ் (சுங்கை சிப்புட், மலேசியா)

உதவிய எல்லாருக்கும் நன்றி, விஷயம் முடிந்தது. புதிதாகப் படிப்பவர்களுக்கு: எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வீட்டு முன்னால் கார் நிறுத்த லோங்காங்கை கான்கிரீட் போட்டு மூடியிருந்தேன், பக்கத்து வீட்டு அக்கா புகார் கொடுக்க, உடைக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தது.

கேட்டுக்கு வெளியே இருப்பது நம் நிலமில்லை என்று இங்கே ஒருவர் சொன்னதுதான் சரி. தெரு, வடிகால், கட்டடச் சட்டம் 1974, பிரிவு 46-இன்படி தெருவோர வடிகாலை எழுத்து அனுமதி இல்லாமல் மூடக்கூடாது. வக்கீல், மேல்முறையீடு என்று அலையாமல், இன்னொரு அண்ணன் சொன்னபடி கான்கிரீட்டை உடைத்துவிட்டு, தூக்கி எடுக்கிற மாதிரி இரும்புக் கம்பி மூடி போடுவதாக அளவு வரைபடமும் போட்டோவும் வைத்து விண்ணப்பித்தேன். அனுமதி கிடைத்தது.

எதிர்பாராதது ஒன்று. உடைத்தபோது அடியில் முழங்கை ஆழத்துக்குக் கறுப்புச் சேறு, அழுகிய ரம்புத்தான் இலை, நசுங்கிய பால் டின். தண்ணீர் போக வழியே இல்லை. ஒவ்வொரு மழைக்கும் அக்கா வீட்டு வாசலில் ஏன் தண்ணீர் ஏறியது என்று அப்போதுதான் புரிந்தது, இத்தனை நாள் அவர் என் காரைப் பார்த்துத்தான் சண்டை போடுகிறார் என்று நினைத்திருந்தேன். நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம், மாதம் ஒரு முறை மூடியைத் தூக்கி நானே சேறு அள்ளுகிறேன், அவர் வீட்டுப் பக்கமும் சேர்த்து.