நிலவுக்கு ஐந்து நாளா, இருபத்திரண்டு நாளா?

தடா வாசகர்:
2023 ஜூலை 14 அன்று பழவேற்காடு ஏரிக்கரையில் நின்று சந்திரயான்-3 கிளம்பியதைப் பார்த்தோம். ஒளி மேலெழுந்து வெகுநேரம் கழித்தே ஓசை வந்து நெஞ்சில் அதிர்ந்தது. அப்போலோ 11 மூன்றே நாளில் நிலவின் சுற்றுப்பாதையை எட்டியிருக்க, நமது கலம் ஆகஸ்ட் 5 வரை சுற்றிக்கொண்டிருந்தது ஏன்? சுற்றிப் போனால் எரிபொருள் கூடத்தானே செலவாகும் என்கிறாள் என் மகள்.

சூளூர்ப்பேட்டை அன்பர்:
ஐயா, விண்வெளியில் சுற்றுவதற்குச் செலவில்லை. வேகத்தை மாற்றும்போதுதான் எரிபொருள் கரைகிறது. ஏறக்குறைய 2,900 டன் எடையுள்ள சாட்டர்ன் 5 ராக்கெட்டின் மூன்றாம் அடுக்கு, ஆறு நிமிடத்துக்குள் ஒரே மூச்சில் அப்போலோவை நிலவை நோக்கித் தள்ளிவிட்டது. நமது எல்விஎம்3 640 டன்தான். 3,900 கிலோ கலத்தைப் புவியைச் சுற்றும் நீள்வட்டப் பாதையில் விட்டதோடு அதன் வேலை முடிந்தது. மீதி வேகத்தை 440 நியூட்டன் எஞ்சின், அதாவது பூமியில் 45 கிலோ மூட்டையைத் தாங்கும் அளவே உந்தும் எஞ்சின், கொடுக்க வேண்டியிருந்தது. அதை விடாமல் எரித்தால் கலம் புவியை விட்டு விலகிவிடும்; தொலைவில் மெதுவாகச் செல்லும்போது எரிக்கும் எரிபொருள், அருகில் விரையும்போது எரிப்பதைப் போலப் பலன் தராது. அதனால் பாதையில் புவிக்கு மிக அருகே உள்ள அண்மைப் புள்ளிக்கு வரும்போது மட்டும் எரித்து, ஐந்து தடவை பாதையை உயர்த்தி, ஆகஸ்ட் 1 அன்று நிலவை நோக்கித் திருப்பினார்கள். அதன்பின் ஐந்து நாள் கூட ஆகவில்லை.

சத்தியவேடு வாசகர்:
மேலே உள்ளது சரி. ஆனால் அதில் மிச்சமானது பெரிய ராக்கெட்தான், எரிபொருள் அன்று. எரிபொருளையே மிச்சம் பிடிக்கும் வழி வேறு. நிலவை நெருங்கும் வேகம் கூடக் கூட, அங்கே பிடித்து நிறுத்தும் செலவும் கூடும். திட்டமிட்டதைவிட எடை கூடி 678 கிலோவாகிவிட்ட தென்கொரியாவின் நிலவுக்கலம் தனூரி, எரிபொருளை மிச்சம் பிடிக்க இவ்வழியில் 2022 ஆகஸ்டில் கிளம்பி, ஏறத்தாழ 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளிப் போய், சூரியனின் ஈர்ப்பே பாதையை வளைத்துவிட, டிசம்பரில் மெதுவாக நிலவை அணுகியது. நம் ஏரி மீனவர்கள் துடுப்பை ஓய்த்து, நீரோட்டத்துக்குக் காத்திருந்து முகத்துவாரம் கடப்பதும் இப்படித்தான்.

தடா வாசகர்:
நன்றி. அப்படியானால் மனிதரை ஏன் அவ்வழியில் அனுப்புவதில்லை?

சூளூர்ப்பேட்டை அன்பர்:
காற்று, நீர், உணவு எல்லாம் நாள் கணக்கில் எடை கூட்டும். புவியைச் சுற்றியே உயரத்தைக் கூட்டினாலோ, ஒவ்வொரு சுற்றிலும் புவியைச் சூழ்ந்த வான் ஆலன் கதிர்வீச்சுப் பட்டைகளைக் கடந்தாக வேண்டும்.