கதையில் வரும் புதுச் சொற்களை நாலு வயதுப் பிள்ளைக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

கல்லடி அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். மகளுக்கு நாலு வயது, முன்பள்ளிக்குப் போகிறாள். இரவில் ராஜா ராணிக் கதை, காட்டுக் கதை எல்லாம் வாசித்துக் காட்டுகிறேன். 'சிங்கம் கர்ச்சித்தது', 'மந்திரி ஆலோசனை சொன்னார்' என்று வருகிற இடத்தில் நிறுத்தி விளங்கப்படுத்தினால் எழும்பி ஓடிவிடுகிறாள், நிறுத்தாமல் வாசித்தால் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தச் சொற்களை விட்டுவிட்டு வீட்டில் கதைக்கிற மாதிரியே மாற்றி வாசிக்கலாமா?

முன்பள்ளி ஆசிரியை, களுவாஞ்சிகுடி:
மாற்றாதீங்க தங்கச்சி. கர்ச்சித்தது என்பதைப் பிள்ளை வேறு எங்கே கேட்கப் போகிறாள், வீட்டிலும் கடையிலும் நாம் அப்படிக் கதைப்பதே இல்லையே. ஆனால் ஒரு கதைக்கு மூன்று நாலு சொல்லுக்கு மேல் எடுக்க வேண்டாம், மற்றதெல்லாம் காதில் விழுந்துவிட்டுப் போகட்டும். சிங்கமும் முயலும் கதை என்றால் நான் கர்ச்சித்தது, எட்டிப் பார்த்தது, பிம்பம், இந்த மூன்றைத்தான் எடுப்பேன். அர்த்தம் சொல்லிக்கொண்டு நிற்பதில்லை. 'கர்ச்சித்தது' என்று வாசித்த கையோடு நானே ஒரு கர்ச்சனை விடுவேன், பிள்ளைகளும் சேர்ந்து கர்ச்சிப்பார்கள், கதை நகர்ந்துவிடும். கிணற்றுக்கு ஒரு வாளியில் தண்ணீர் வைத்து ஒவ்வொருவராக எட்டிப் பார்க்க விடுவேன், தங்கள் முகத்தைக் கண்டதும் 'அதுதான் பிம்பம்' என்று சொன்னால் போதும்.

அப்புறம், அதே கதையை அந்தக் கிழமை முழுக்க வாசியுங்க. 2011இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வந்தது. மூன்று வயதுப் பிள்ளைகளில் சிலருக்கு ஒரே கதைகளைத் திரும்பத் திரும்பவும் மற்றவர்களுக்கு வேறு வேறு கதைகளையும் வாசித்தார்கள். புதுச் சொற்கள் இரண்டு பக்கமும் ஒரே அளவு தடவைதான் வந்தன, ஆனாலும் ஒரே கதையைக் கேட்டவர்கள்தான் கூடுதலாகப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்துவிட்டால் கவனம் சொல்லுக்குப் போகும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அக்கரைப்பற்று வாப்பா:
டீச்சர் சொல்வது சரி, ஆனால் முதல் நாளே புத்தகம் தேவையில்லை. முதலில் நம்ம பேச்சில் வாயால் சொல்லிவிடுங்க, கதை பிடிபட்ட பிறகு மறுநாள் வாசியுங்க. என் மகனுக்கு உம்மம்மா கதை சொன்னால் காடு எங்கட வயல் வட்டைக்குப் பக்கத்தில் வந்துவிடும், சிங்கம் வைக்கோல் போருக்குப் பின்னால் பதுங்கும். பிறகொரு நாள் பூனை கோழிக்குஞ்சைப் பார்த்துக் கதவுக்குப் பின்னால் இருந்தது, 'வாப்பா, பூனை பதுங்குது' என்று ஓடிவந்தான். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

கல்லடி அம்மா:
இரண்டு பேருக்கும் நன்றி. வாசித்து முடிந்ததும் 'கர்ச்சித்தது என்றால் என்ன?' என்று கேட்டுப் பார்க்கலாமா?

முன்பள்ளி ஆசிரியை, களுவாஞ்சிகுடி:
வேண்டாம், பரீட்சை மாதிரி ஆகிவிடும். 'சிங்கம் ஏன் கர்ச்சித்தது?' என்று கேளுங்க, அவள் கதையைச் சொல்லத் தொடங்குவாள், அந்தச் சொல்லும் அவள் வாயில் வரும். வராவிட்டாலும் பரவாயில்லை, நாளைக்கும் அதே கதைதானே.