படுத்துகினு கீறவனுக்கு முதுகு எதுக்கு? (என் கேரக்டர் டிசைன் அனுபவம்)

வணக்கம் மக்களே, ஜூரி (காலேஜ்ல நம்ம ப்ராஜெக்ட்ட பாத்து கேள்வி கேக்கறது) முடிஞ்சு பத்து நாள் ஆச்சு, இப்பதான் உக்காந்து எழுத மூடு வந்துச்சு. எல்லாரும் அவங்கவங்க கேரக்டர் டிசைன், பிட்ச் கதைய சொல்றீங்க, என்னோடதயும் போட்டுடறேன், கொஞ்சம் நீளம்தான், டீ போட்டுட்டு வந்து படிங்க. நான் வேலூர், சத்துவாச்சாரி, அனிமேஷன் மூணாவது வருஷம், எந்த காலேஜ்னு மட்டும் கேக்காதீங்க. அப்பா மண்டி வீதியில ஒரு கடையில கணக்கு எழுதுறார், அவர் கணக்குல நான் இன்னைக்கும் "பொம்மை படிக்கிற பையன்". பிளெண்டர்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, சுத்தமா ஃப்ரீ, அதுல லாட்வியாக்காரங்க செஞ்ச ஒரு பூனைப் படம் 2025ல ஆஸ்கார் வாங்கிடுச்சுப்பான்னு ஒரு நாள் சொல்லிப் பாத்தேன். "சாஃப்ட்வேரு ஃப்ரீன்னா ஃபீஸ் எதுக்குடா கட்டுறேன்"னு ஒரே கேள்வி. பதில் இல்ல.

மொத பிட்ச், அதாவது படத்தோட ஐடியாவ எடுத்துச் சொல்றது, ரெண்டாவது வருஷத்துல. வேலூர்க்காரன் வேற என்னத்த எடுப்பான், 1806 சிப்பாய் கலகம்தான், எங்க பேட்ச்ல மட்டும் மூணு பேர் அதையே வெச்சிருந்தோம். ஜூலை 10 விடியக்காலை, கோட்டை, அகழி, நெருப்பு, நடுவுல சிக்ஸ் பேக் வெச்ச ஒரு சிப்பாய், 14 ஸ்லைடு. எங்க சார் ஒருத்தர் நாலாவது ஸ்லைடுலயே நிறுத்தி "இவன் தலையில இருக்கறது என்ன?"ன்னார். தலப்பா சார்னேன். "எந்தத் தலப்பா, பழசா புதுசா?" எனக்கு முழிக்கறத தவிர ஒண்ணும் தோணல. அப்புறம் அவரே சொன்னார், நெத்தியில விபூதி நாமம் கூடாது, காதுல கடுக்கன் கூடாது, தாடிய எடுக்கணும், தோல்ல குஞ்சம் வெச்ச புது மாதிரி தலப்பாவ மாட்டணும்னு மேல இருந்து உத்தரவு வந்ததுலதான் பத்திக்கிச்சாம். "ஒரு காஸ்ட்யூம் டிசைன் புடிக்காம கோட்டையே ரத்தக்களறியாச்சு, அந்தக் கதைக்குப் போய் நீ நெட்ல கெடச்ச ராஜஸ்தான் தலப்பாவ மாட்டி வுட்டிருக்கியே"ன்னு சொன்னார் பாருங்க, கிளாஸே சிரிச்சுது. நானும் சிரிச்சேன், வேற என்ன பண்றது. மீதி பத்து ஸ்லைடு யாரும் பாக்கல.

அதுக்கப்புறம் அதே சார், நெட்ல படம் தேடற பின்ட்ரெஸ்ட்ட மூடி வெச்சிட்டு, கோட்டைக்குள்ள இருக்கற ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துக்குப் போய் ரெண்டு வாரம் வரைன்னு அனுப்பினார். சின்ன வயசுலேர்ந்து நூறு தடவ போயிருப்பேன், 1981 வரைக்கும் உள்ள சாமியே இல்லாம இருந்த கோயில், அந்தக் கதைய ஆயா சொல்லிச் சொல்லியே தெரியும், ஆனா தூண்ல இருக்கற யாளிய ஒரு தடவ கூட உக்காந்து பாத்ததில்ல. ரெண்டாவது நாள்தான் ஒண்ணு புரிஞ்சுது, அப்படி ஒரு மிருகம் எங்கயுமே கெடையாது, ஆனா முன்னங்கால் தோள்ல சேர்ற எடம் நெஜ மிருகத்துக்கு எப்படி இருக்குமோ அப்படி இருக்கு, அதனாலதான் கண்ணு நம்புது. என் சிப்பாய்க்கு சிக்ஸ் பேக் இருந்துச்சு, தோள்பட்டை இல்ல. வேலூர் வெயில்ல அந்தக் கல்லு மண்டபம் ஏசி மாதிரி வேற, அதுக்காகவே மூணாவது வாரமும் போனேன்னு வைங்க.

இப்ப நெஜமான விஷயத்துக்கு வர்றேன். எங்கம்மா ஊரு ஆரணி தாண்டி ஒரு கிராமம், திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் வெச்சிருந்தாங்க. பகல்ல பிரசங்கம், ராத்திரியில கூத்து, கடைசி ராத்திரி பதினெட்டாம் போர், விடிஞ்சா படுகளம். தெரியாதவங்களுக்கு சொல்றேன், மைதானத்துல மண்ணாலயே ஒரு துரியோதனன படுத்த வாக்குல செய்வாங்க, ராட்சச சைஸு. நான் காலால அளந்து பாத்தேன், கிரீடத்துலேர்ந்து பாதம் வரைக்கும் 43 அடி வந்துச்சு (என் பாதத்துல, நான் எட்டாம் நம்பர் செருப்பு). தொடையில செவப்புத் தண்ணி வெச்ச ஒரு பானைய பொதைச்சிருப்பாங்க, காலைல பீமன் வேஷம் கட்டினவர் வந்து அடிச்சா அது ஒடையும், அந்த ரத்தத்த தொட்டுத்தான் திரௌபதி கூந்தல் முடிவாங்க. சின்ன வயசுல தூக்கத்துல பாத்தது. இந்த தடவ ஸ்கெட்ச் புக்கோட முந்தின நாள் மத்தியானமே போயிட்டேன்.

செய்யறவரு எழுபது வயசு தாத்தா, மம்புட்டி, தண்ணி, கூட ரெண்டு பசங்க, அவ்வளவுதான். நான் கிளாஸ்ல படிச்சத வெச்சி, வில்லன்னா முக்கோணம், கூர் கூரா மூஞ்சி, வரைஞ்சு வெச்சிருந்தேன். அவர் என்னடான்னா ஒரு பெரிய உருண்டை வயித்த வெச்சிட்டு இருக்கார். ஏன் தாத்தா இவ்ளோ தொப்பைன்னேன். "ராஜா ஆச்சே நைனா, தின்னு வளந்தவன், உன்ன மாறி ஒணந்து போயா இருப்பான்?" சரின்னு அழிச்சிட்டு உருட்டி வரைஞ்சேன், அந்த நிமிஷமே அவன் மேல ஒரு பாவம் வந்துடுச்சு பாருங்க, முக்கோணத்துல வராத பாவம்.

கண்ண கடைசியாத்தான் வெச்சார், இருட்டினதுக்கு அப்புறம். வெச்சிட்டு ஒரு பொடியன கூப்ட்டு "இங்கியே குந்திகினு இரு, கண்ண தெறந்தாச்சு, தனியா உடக் கூடாது"ன்னு சொல்லிட்டு பீடி புடிக்கப் போயிட்டார். அந்தப் பையன் ஒம்பது வயசு இருக்கும், போர்வைய போத்திகிட்டு அந்தப் பெரிய காதுகிட்ட உக்காந்திருந்தான், அந்தாண்ட தூரத்துல கூத்து ஆரம்பிச்சு மத்தளம் கேக்குது, இங்க ஒரே ஒரு ட்யூப் லைட். எனக்கு கதை அங்கயே வந்துடுச்சுங்க. விடிஞ்சா சாகப் போறவனுக்கு ராத்திரி பூரா காவல் இருக்கற பையன். ரெண்டு பேரும் பேசறாங்க. அவ்ளோதான்.

இதுக்கப்புறம்தான் தலைவலி. கேரக்டர் ஷீட்னா டர்ன்அரவுண்ட் கேப்பாங்க, முன்னாடி, முக்காவாசி, சைடு, பின்னாடி, நாலும் நேரா நிக்கணும். என் ஹீரோ நிக்கவே மாட்டான். இன்னொரு ஃபேகல்ட்டி ஒத்தக் கால்ல நின்னாங்க, பின்பக்கம் வரைஞ்சாத்தான் மார்க்குன்னு. நானும் ஒரு வாரம் மண்ணுக்கு முதுகு வரைஞ்சு பாத்தேன், கேவலமா இருந்துச்சு, நிமித்தி வெச்ச மைதா மூட்டை மாதிரி. ஊருக்கு ஃபோன் போட்டு தாத்தாகிட்ட கேட்டேன், முதுகு எப்படி இருக்கும்னு. "இன்னா நைனா பேசுற, படுத்துகினு கீறவனுக்கு முதுகு எதுக்கு, அதாண்ட பூமி கீது இல்ல?"

அத அப்படியே ஷீட்டுக்கு மேல தலைப்பா எழுதிட்டு வேற நாலு வியூ போட்டேன். ஒண்ணு பனமரத்து உச்சியிலேர்ந்து காக்கா பாக்கற மாதிரி. ஒண்ணு பையன் உக்காந்திருக்கற உயரத்துலேர்ந்து, அதுல மூஞ்சியே தெரியாது, மூக்கும் மீசையும் நம்ம வேலூர் மலைங்க மாதிரி வரிசையா தெரியும். ஒண்ணு கால்மாட்டுலேர்ந்து, ஒண்ணு தலைமாட்டுலேர்ந்து. பக்கத்துல பையன் நிக்கற சைஸ் சார்ட். எக்ஸ்பிரஷன் ஷீட்ல கண்ணு, புருவம், மீசை, இது மட்டும்தான் அசையும். ஏன்னா அவன் சிரிச்சா வெடிப்பு விடும், மண்ணுதான? ஒரு தடவ விட்ட வெடிப்பு அடுத்த ஷாட்ல காணாம போகக் கூடாது, அதனால வெடிப்புக்குன்னே தனியா ஒரு சார்ட், ராத்திரி எட்டு மணிலேர்ந்து விடியற வரைக்கும் அஞ்சு ஸ்டேஜ். இத வரையறப்ப ஒரு மாசம் நான் சந்தோஷமா இருந்தேன், உண்மையா சொல்றேன், லேப்டாப் சூடாகி ஆஃப் ஆனது கூட பெருசா தெரியல.

ஜூரில வெளியிலேர்ந்து மூணு பேர் வந்திருந்தாங்க. டிசைன் எல்லாருக்கும் புடிச்சுது. பிட்ச்லதான் அடி. ஒருத்தர் "கடைசியில பையன் அவன காப்பாத்திடலாமே, குழந்தைங்க படம் இல்லயா"ன்னார். எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. காப்பாத்திட்டா அம்மன் எப்படி சார் கூந்தல் முடியறதுன்னு கேட்டுட்டேன், அதுக்கு அவர் எதுவும் சொல்லல, எழுதிகிட்டார். இன்னொரு மேடம் "ஒரே வரியில சொல்லுங்க"ன்னாங்க, நான் ஏழு நிமிஷம் சொன்னேன், மகாபாரதத்துலேர்ந்து ஆரம்பிச்சிட்டேன். லாக்லைன் (அந்த ஒரு வரிக் கதை) ரெடி பண்ணிட்டு திரும்ப வான்னு அனுப்பிட்டாங்க. இப்ப அங்கதான் நிக்கறேன். உங்க அனுபவத்தையும் சொல்லுங்க.

*

நான் ஆம்பூர்ங்க, சென்னையில ஸ்டூடியோல ஒம்பது வருஷம் கிளீன்அப் (கரடுமுரடா வரைஞ்சத சுத்தமா வரையறது), இன்பிட்வீன் (ரெண்டு முக்கிய ட்ராயிங்குக்கு நடுவுல வர்றத வரையறது) வேலை பாத்தவன். தம்பி உங்க ஹீரோ அசைய மாட்டான்னதும் எனக்கு அவ்ளோ சந்தோஷம். போன வருஷம் ஒரு பையன் பிட்ச் பைபிளோட (கதை, கேரக்டர் எல்லாம் சேத்த ஃபைல்) என்கிட்ட வந்தான், 22 நிமிஷப் படம், குதிரைப்படை, தனி ஆளா ஃபைனல் இயர்ல முடிக்கறேங்கிறான். பேப்பர எடுத்து கணக்கு போட்டுக் காட்டினேன், செகண்டுக்கு 24 ஃப்ரேம், 31,680 ஃப்ரேம் வருது, ஒரு ட்ராயிங்க ரெண்டு ஃப்ரேமுக்கு புடிச்சாலும் 15,840 ட்ராயிங், அதுல ஒவ்வொண்ணுலயும் நாப்பது குதிரை. பையன் மூஞ்சி போன போக்க பாக்கணுமே. பாவமா போச்சு, ஸ்டார் பிரியாணி வாங்கிக் குடுத்து அனுப்பி வெச்சேன். நீங்க அஞ்சு நிமிஷத்துக்குள்ள வைங்க, 3,600 ட்ராயிங், அதுலயும் பாதிக்கு மேல கண்ணும் மீசையும்தான். அப்புறம் அந்த வெடிப்ப தனி லேயர்ல வெச்சிக்கோங்க, உடம்போட சேத்து வரைஞ்சிடாதீங்க, பின்னாடி அழுவீங்க. முடிவ மாத்தச் சொன்னா மாத்தாதீங்க.

*

ராணிப்பேட்டைலேர்ந்து எழுதறேன். என்னோடது டிசைன் பத்தின கதைன்னு சொல்ல முடியாது, ஆனா சொல்லாம இருக்க முடியல. எங்கப்பா தோல் ஷெட்ல வேலை செஞ்சவர், அவர வெச்சு ஒரு கேரக்டர் பண்ணேன், முழங்கை வரைக்கும் கறை, ரப்பர் பூட்ஸு, நடை ஒரு மாதிரி அகட்டி இருக்கும், ஈரத் தரையில வழுக்காம நடந்து நடந்து வந்த நடை அது. ஒரு சேனலுக்கு பிட்ச் பண்ணேன். கதை சூப்பர்மா, அப்பாவ மட்டும் கொஞ்சம் கலரா போடுங்கன்னாங்க. நான் வெகுளி, கலர் பேலட்ட சொல்றாங்கன்னு நெனச்சு சட்டைய மஞ்சளா மாத்தி அனுப்பினேன்! அப்புறம்தான் தோலு நெறத்த சொல்றாங்கன்னு புரிஞ்சுது. திரும்ப அனுப்பல. அந்த ஷீட்ட ப்ரின்ட் போட்டு அப்பாகிட்ட காட்டினேன், ரொம்ப நேரம் பாத்துட்டு "பூட்ஸ் எடது கால்ல கிழிஞ்சிருக்கும், நீ நல்லதா போட்டிருக்க"ன்னார். கிழிச்சு வரைஞ்சேன். இப்ப அது போர்ட்ஃபோலியோல மொத பக்கம்.

*

தம்பி, எங்க தாத்தா கூத்துக்காரர், செய்யாறு பக்கம். லாக்லைனுக்கா இவ்ளோ தவிக்கறீங்க? கூத்துல ஒரு வேஷம் எப்படி வரும்னு நீங்களே பாத்திருக்கீங்க. ரெண்டு பேர் திரைய புடிப்பாங்க, கிரீடம் மட்டும் மேல தெரியும், கட்டியக்காரன், அதான் கூத்து கோமாளி, வந்து நீ யாரு, எந்த ஊரு, இன்னாத்துக்கு இங்க வந்தன்னு நக்கலா கேப்பான். அதுக்கு பதில் சொல்லாம ராஜாவே ஆனாலும் கதைக்குள்ள போக முடியாது. இழுத்தா கட்டியக்காரனே கிண்டல் பண்ணி வாய அடைச்சிடுவான். உங்க துரியோதனன்கிட்டயும் அந்தப் பையன் அதயே கேக்கட்டும். இன்னொண்ணு, நீங்க டிசைன்காரங்க சில்ஹவுட்னு, நிழல் மாதிரி வெளி உருவத்த, சொல்றீங்களே, புஜக்கட்டையும் கிரீடமும் விரிஞ்ச பாவாடையும் எதுக்குன்னு நெனச்சீங்க? பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல கடைசில பாய் போட்டு உக்காந்த கெழவிக்கும் வந்தது யாருன்னு தெரியணும்ல.

*

எல்லாருக்கும் நன்றி. ஆம்பூர் அண்ணா, வெடிப்பு எல்லாத்தையும் உடம்போடதான் வரைஞ்சு வெச்சிருந்தேன், நேத்து ராத்திரி பூரா பிரிச்சுகிட்டு இருந்தேன், நீங்க ஒரு மாசம் முன்னாடியே சொல்லியிருக்கலாம். செய்யாறு அண்ணன் சொன்ன மாதிரி பையன கேக்க வுட்டேன். நீ யாரு? ராஜா. எந்த ஊரு? இந்த மண்ணுதான். இன்னாத்துக்கு வந்த? காலைல சாக. அப்ப ராத்திரி இன்னா செய்யப் போற? இந்த நாலாவது கேள்வி தானா வந்துச்சு, அதுக்கு அவன் என்ன சொல்வான்னு எனக்கே இன்னும் தெரியல, ஆனா லாக்லைன் ஒரு வரிக்கு வந்துடுச்சு. வெள்ளிக்கிழமை மேடத்துகிட்ட சொல்லப் போறேன். முடிவ மாத்தல.

கலர்தான் இப்ப ஓடிட்டு இருக்கு. ஃபோன்ல எடுத்த ஃபோட்டோல மண்ணு ஆரஞ்சு மாதிரி அடிக்குது, நெஜத்துல அப்படி இல்ல. படுகளம் முடிஞ்சதும் ஆளாளுக்கு அந்த மண்ணுல ஒரு பிடி வீட்டுக்கு எடுத்துட்டுப் போவாங்க, எங்கம்மாவும் கொண்டாந்து சாமி அலமாரியில வெச்சிருந்தாங்க. அத எடுத்து ட்யூப் லைட் அடியில வெச்சு கலர் பாத்தேன், கிட்டத்தட்ட சாம்பல் கலந்த காப்பிப்பொடி நெறம். எடுத்தத திரும்ப வெக்கல, வரையற டேப்லெட் பக்கத்துலயே கெடக்குது, ரெண்டு நாளா அம்மாகிட்ட திட்டு வாங்கிட்டு இருக்கேன்.