நாசிக் திராட்சைத் தோட்டங்களில் இரண்டு நாள்: கையைக் கடிக்காமல் போய்வர முடியுமா?

ஈரோட்டுப்பெண்
வணக்கம். நானும் வீட்டுக்காரரும் புனேயில் ஐ.டி. வேலையில் இருக்கிறோம். பிப்ரவரியில் கல்யாண நாள். கோவா அலுத்துவிட்டது. நாசிக் பக்கம் ஒயின் தோட்டங்களுக்குப் போய்வரலாமா என்று யோசனை.

எங்கள் இருவருக்கும் ஒயின் பற்றி ஒன்றும் தெரியாது. கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி கேக்கோடு தரும் வீட்டு ஒயினோடு என் அனுபவம் சரி. வீட்டுக்காரர் பீர் மட்டும், அதுவும் எப்போதாவது. சுத்த சைவம் வேறு. கிளாஸைச் சுழற்றிப் படம் எடுத்துப் போடும் ஆசையெல்லாம் இல்லை. தோட்டம் பார்க்க வேண்டும், கொஞ்சம் ருசி பார்க்க வேண்டும், நன்றாகத் தூங்க வேண்டும். தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து 15,000 ரூபாய்க்குள் முடிந்தால் சந்தோஷம்.

சொந்தக் காரில் வரலாமா? எத்தனை ஒயினரி பார்க்கலாம்? மாமியாரிடம் ஷீரடி போகிறோம் என்று சொல்லியிருக்கிறேன். அதனால் ஷீரடியும் போயே ஆக வேண்டும்!

செம்பூர்_கணேசன்
சனி, ஞாயிறு மட்டும் போகாதீர்கள். நண்பர்களோடு ஒரு பெரிய ஒயினரிக்குப் போனேன், பெயர் வேண்டாம். மும்பையில் பாதி அங்கேதான் இருந்தது. ருசி பார்க்க வரிசை, சாப்பாட்டு மேசைக்கு வரிசை, டிஜே சத்தம். ஊற்றிக் கொடுத்த பையன் ஒப்பிப்பதுபோல ஐந்து பெயர் சொல்லிவிட்டு அடுத்த கூட்டத்துக்குப் போய்விட்டான். தோட்டத்தைக் கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி. காசுக்குப் பிடித்த கேடு.

ஓஸர்வாசி
அம்மா, நான் திருச்சிக்காரன். நாசிக் பக்கத்து ஓஸரில் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்று இங்கேயே தங்கிவிட்டேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் காம்பவுண்டு சுவர், அதற்கு அப்பால் திராட்சைத் தோட்டம். கணேசன் சொன்னது நிஜம்தான், ஆனால் அது சனிக்கிழமை நாசிக். செவ்வாய்க்கிழமை நாசிக் வேறு ஊர்.

முதலில் மாதம். பிப்ரவரி என்று நீங்களாகவே சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். ஐரோப்பாவில் ஆகஸ்ட், செப்டம்பரில் அறுவடை. இங்கே ஜனவரி முதல் மார்ச் வரை. நம் வெயிலில் கொடி குளிர்காலத் தூக்கம் போடுவதில்லை. அதனால் வருடத்துக்கு இரண்டு தடவை கவாத்து செய்கிறார்கள். ஏப்ரலில் ஒன்று, மழை ஓய்ந்து செப்டம்பர், அக்டோபரில் இன்னொன்று. இரண்டாவதில்தான் காய்ப்பு. ஜூலையில் வந்தால் மலையெல்லாம் பச்சையாக அழகாக இருக்கும், கொடியில் ஒரு குலை இருக்காது.

இன்னொன்று, வழியில் பார்க்கும் தோட்டமெல்லாம் ஒயின் தோட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். நாசிக் மாவட்டத்தில் பெரும்பாலும் சாப்பிடும் திராட்சைதான். எங்கள் பின்வீட்டு விவசாயி தாம்சன் சீட்லெஸ் போட்டிருக்கிறார். காய் பெரிதாக ஜிப்ரலிக் அமிலத்தில் முக்குவார்கள். ஏற்றுமதிக் குலைகளுக்கு வெயில் படாமல் ஒவ்வொன்றாகக் காகிதம் சுற்றுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கொடியில் நோட்டீஸ் தொங்குவதுபோல இருக்கும். ஒயின் திராட்சை இதற்கு நேர் எதிர். சின்னச் சின்னதாக, தோல் தடித்து, உள்ளே விதை நிறைந்திருக்கும். ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் திராட்சைக் குலையில் ஒரு பழம் பறித்து வாயில் போட்டுப் பாருங்கள் (கேட்டுவிட்டுத்தான்). முதலில் தேன் மாதிரி இனிப்பு, அப்புறம் தோலின் துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும். சிவப்பு ஒயினின் அந்தத் துவர்ப்பு எங்கிருந்து வருகிறது என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

காலையில் சீக்கிரம் எழுந்தால் அறுவடை பார்க்கலாம். வெயில் ஏறுமுன் முடித்துவிடுவார்கள், பழம் சூடானால் கூடையிலேயே நொதிக்கத் தொடங்கிவிடும். பெண்கள் வளைந்த கத்திரியால் குலையை நறுக்கி பிளாஸ்டிக் கிரேட்டில் போட்டுக்கொண்டே போவார்கள். மேற்பார்வை ஆள் ஒரு பழத்தை விரலில் பிழிந்து, சின்னக் குழாய் போன்ற கருவியின் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, வானத்தைப் பார்த்துப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். சர்க்கரை அளவு. பிரிக்ஸ் என்பார்கள். சிவப்புக்கு 22, 24 என்று வந்தால்தான் பறிப்பு. எனக்கும் ஒருதரம் பார்க்கக் கொடுத்தார்கள். உள்ளே பாதி நீலம், பாதி வெள்ளை. நடுக்கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் கணக்கு.

எங்கே போவது? கங்காபூர் அணைப் பக்கம் சூலா, யார்க், சோமா என்று மூன்று ஒயினரிகள் அருகருகே. சூலாதான் இந்தத் தொழிலைப் பெரிதாக்கியது. ராஜீவ் சாமந்த் 1990களில் அமெரிக்க வேலையை விட்டுவந்து குடும்ப நிலத்தில் கொடி நட்டார். 2000இல் முதல் ஒயின், 2005இல் ருசிக்கூடம். யார்க்கையும் 2021இல் சூலாவே வாங்கிவிட்டது. ஆனாலும் அங்கே கூட்டம் குறைவு, மாடியில் உட்கார்ந்தால் அணைத் தண்ணீர் தெரியும். உங்களைப் போன்றவர்களுக்கு நான் சொல்வது: முதல் நாள் மதியம் சூலாவில் தொழிற்சாலைச் சுற்று மட்டும், தொட்டி, பீப்பாய் எல்லாம் ஒழுங்காகக் காட்டுவார்கள். மாலையில் யார்க். மறுநாள் இகத்புரி பக்கம், முகனே அணைக்கு அருகே வலோனே. சின்ன இடம், ஆள் கம்மி, கேள்வி கேட்டால் நின்று பதில் சொல்வார்கள். பக்கத்திலேயே குரோவர் ஜாம்பாவும் இருக்கிறது, நேரம் இருந்தால் பாருங்கள். ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். மூன்றாவதில் நாக்குக்கு எல்லாம் ஒன்றுதான்.

தங்குவதற்கு ஒயினரி அறைகள் ஆசையாகத்தான் இருக்கும், பட்ஜெட் அங்கேயே தீர்ந்துவிடும். கங்காபூர் சாலையில் சாதாரண ஹோட்டல் எடுங்கள், மீதிக் காசைக் கிளாஸில் போடலாம். காலைச் சாப்பாட்டுக்கு விறகடுப்பு மிசல் (காரமான முளைப்பயறுக் குழம்பு), "சூலிவர்ச்சி மிசல்" என்று கேளுங்கள், ஊரே அதில்தான் விடிகிறது. சாருக்கு முழுக்க சைவம்தான், ஆனால் சிவப்பு எண்ணெய் மிதக்கும். தயிர் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கார்? புனேயிலிருந்து நாராயண்காவ், சங்கம்நேர், சின்னர் வழியாக 210 கிலோமீட்டர், தாராளமாக ஓட்டி வாருங்கள். வந்ததும் ஹோட்டலில் நிறுத்திவிட்டு, ருசி பார்க்கும் இரண்டு நாளும் ஓட்டுநரோடு வாடகைக் கார். நம் சட்டத்தில் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம்தான் எல்லை. முதல் தடவை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதமோ, சிறையோ, இரண்டுமோ. வாடகைக் கார் அதைவிட மலிவு. ஆப்பில் வண்டி போட்டுப் போய்விடலாம் என்பார்கள். போக வண்டி கிடைக்கும், இருட்டிய பிறகு அந்தத் தோட்டச் சாலைக்குத் திரும்ப ஒருத்தரும் வரமாட்டார்.

நந்திமலை_நவீன்
இதற்கு நாசிக் வரை போக வேண்டுமா? பெங்களூரு வந்தால் நந்தி மலை அடிவாரத்தில் தொட்டபள்ளாபூர் பக்கம் குரோவரின் பழைய தோட்டமே இருக்கிறது. ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரம். கூட்டமும் குறைவு.

ஓஸர்வாசி
நவீன் தம்பி, நல்ல இடம்தான், அதன் சிவப்பு ஒயின் எனக்கும் பிடிக்கும். ஆனால் அவர்கள் புனேயில் இருக்கிறார்கள். அது அரை நாள் வேலை, ஒரு தோட்டம் பார்த்துத் திரும்பிவிடலாம். இங்கே தோட்டத்துக்குத் தோட்டம் ஒப்பிட்டுப் பார்க்கலாம். விலையும் ஒரு காரணம். 2001இல் மகாராஷ்டிர அரசு திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென்று தனிக் கொள்கை போட்டு வரிச்சலுகை கொடுத்தது. அதன் பிறகுதான் இங்கே ஒயினரி ஒயினரியாக முளைத்தது.

ஈரோட்டுப்பெண்
ஐயா, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு ரொம்ப நன்றி. இன்னும் சில சந்தேகம். ருசி பார்க்கும்போது திருதிருவென்று முழிக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? பீர்க்காரருக்கு எதைக் கொடுத்தால் பிடிக்கும்? அப்புறம் பாட்டில் வாங்கி ஊருக்கு அனுப்பலாமா? மாமனாருக்கு ஒன்று ரகசியமாக.

ஓஸர்வாசி
முழித்தால் என்ன அம்மா, அங்கே வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் முழிக்கிறார்கள். ஊற்றுவது ஒவ்வொன்றும் 30 மில்லி போலத்தான் இருக்கும். வெள்ளையில் தொடங்கி ரோஸ், சிவப்பு, கடைசியில் இனிப்பு என்று அவர்களே வரிசைப்படுத்தித் தருவார்கள். குடிக்கும் முன் மூக்கை உள்ளே விட்டு முகருங்கள், அது ஒன்று போதும். சாவிக்னான் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினில் கொய்யாக்காயும் பச்சை மிளகாயும் மணக்கும், ஷிராஸில் மிளகு. நம் அடுப்படியில் வளர்ந்த மூக்குக்கு இதெல்லாம் சட்டென்று பிடிபடும். பிடிக்காததை மேசையில் இருக்கும் வாளியில் கொட்டிவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். காசு கொடுத்தோமே என்று கடகடவென்று குடிப்பவர்களைத்தான் நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

பீர்க்காரருக்கு நுரைக்கும் ஸ்பார்க்லிங் முதலில், அடுத்து ஜில்லென்று செனின் பிளாங்க், அதுவும் வெள்ளை ஒயின்தான். லேசான இனிப்பு, துவர்ப்பு இல்லை. சிவப்பை முதல் வாயிலேயே கொடுத்தால் முகம் சுளித்துப் பீர் கேட்பார். உங்களுக்கு வீட்டு ஒயின் பழக்கம் என்றால் லேட் ஹார்வெஸ்ட் செனின் கேளுங்கள். கொடியிலேயே கூடுதல் நாள் விட்டுப் பறித்த பழம், அதனால் இனிப்பு தூக்கல். ஆனால் பன்னீர் திராட்சை வாசனையை எதிர்பார்க்காதீர்கள், அது கம்பம் சமாச்சாரம்.

மாமனார் விஷயத்தில் மட்டும் உற்சாகப்படுத்த மாட்டேன். வெளி மாநில மதுவைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுபோவதற்குக் கலால் விதிகள் உண்டு. கூரியரில் அனுப்புவதெல்லாம் வேண்டாம். அவர் புனே வரும்போது ஊற்றிக் கொடுங்கள்.

மாலா_தானே
ஒரு சின்ன எச்சரிக்கை. ஜனவரி 26 இங்கே டிரை டே, மது விற்க மாட்டார்கள். அது தெரியாமல் நீண்ட விடுமுறை என்று போய், தோட்டம் மட்டும் சுற்றிவிட்டு ஜூஸ் குடித்துத் திரும்பியவர்கள் எங்கள் அபார்ட்மெண்டிலேயே இருக்கிறார்கள். உள்ளூர்த் தேர்தல் வந்தாலும் கடை மூடிவிடும். கிளம்பும் முன் ஒயினரிக்குப் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். வயதுச் சான்றும் கையில் இருக்கட்டும், மகாராஷ்டிராவில் ஒயினுக்கு 21 முடிந்திருக்க வேண்டும்.

மகாசிவராத்திரி பிப்ரவரியில் வந்தால் அந்த நாளையும் தவிர்க்கவும். திரியம்பகேஷ்வர் சிவன் கோயில் அரை மணி தூரம்தான். அன்றைக்கு நாசிக் பக்கம் எந்தச் சாலையிலும் கார் நகராது.

ஈரோட்டுப்பெண்
நல்லவேளை சொன்னீர்கள் அக்கா. செவ்வாய், புதன் இரண்டு நாளும் நாசிக், வியாழன் காலை ஷீரடி, அப்படியே புனே என்று முடிவு செய்திருக்கிறோம். ஆனால் வியாழக்கிழமை பாபாவுக்கு விசேஷமாச்சே, கூட்டமாக இருக்குமா?

ஓஸர்வாசி
இருக்குமாவா! வியாழன்தான் அங்கே உச்சம். வரிசையை மாற்றிவிடுங்கள். திங்கள் காலை புனேயில் கிளம்பி நேரே ஷீரடி, தரிசனம் முடித்துச் சாயங்காலம் நாசிக் வந்து சேருங்கள், 90 கிலோமீட்டர்தான். சாமியை முதலில் பார்த்துவிட்டால் மாமியாருக்கும் கணக்கு சரியாகிவிடும். வியாழன் நேராக வீடு. வாங்கிய பாட்டிலைக் கார் டிக்கியில் போடாதீர்கள், சின்னர் வெயிலில் புனே போய்ச் சேர்வதற்குள் வெந்துவிடும். ஏசி படும்படி சீட்டுக்குக் கீழே படுக்க வையுங்கள். ஓட்டுநர் நம்பரைத் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன்.