விக்டோரியா கோல்ட் லைசென்ஸ் ஒன்று கிடைத்திருக்கிறது. அசலா?

ஜீலாங் குமரன்:

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் இங்கே ஜீலாங்கில் (ஆஸ்திரேலியா, விக்டோரியா மாநிலம்) ஒரு வீட்டுச் சாமான் ஏலத்தில் பழம்புத்தகப் பெட்டி ஒன்றை 60 டாலருக்கு எடுத்தேன். உள்ளே 'பிக்சரஸ்க் அட்லஸ் ஆஃப் ஆஸ்திரலேசியா' என்ற பழைய படப் புத்தகத்தில் ஒரு தொகுதி (முதுகு கிழிசல்), ஒரு கட்டு டிராம் டிக்கெட், கூடவே ஒரு தங்க லைசென்ஸ், அதாவது அந்தக் காலத்தில் தங்கம் தோண்ட அரசாங்கம் கொடுத்த அனுமதித் தாள். 1853 மே மாதத் தேதி, கட்டணம் ஒரு பவுன் பத்து ஷில்லிங். இது அசலா நகலா என்று எப்படிப் பார்ப்பது? லேமினேட் செய்து வைக்கலாமா? அட்லஸிலிருந்து படங்களை வெட்டி ஃபிரேம் போட்டு விற்றால் நல்ல காசு என்கிறார் நண்பர். பெட்டியைக் கிளறியதிலிருந்து எனக்கும் சேர்க்கும் ஆசை வந்துவிட்டது. கையில் பெரிய பணமில்லை. 1788இல் பிரிட்டனிலிருந்து முதல் கப்பல்கூட்டம் வந்து இறங்கிய காலத்துப் புத்தகங்களில்தான் தொடங்க வேண்டுமா?

பல்லாரட் பெரியவர்:

லேமினேட் மெஷின் பக்கமே போகாதீர்கள் தம்பி. அந்தச் சூடும் பசையும் காகிதத்தோடு ஒட்டிவிட்டால் பிறகு பிரிக்க வழியில்லை. செல்லோடேப்பும் கூடாது. அமிலம் இல்லாத அட்டை, பாலியெஸ்டர் உறை, அவ்வளவுதான். பிவிசி உறை வேண்டாம், நாளாக ஆகப் பிசுபிசுக்கும். இராமபாணப் பூச்சி வராத, ஈரம் தங்காத அலமாரியில் வையுங்கள். கராஜில் வேண்டவே வேண்டாம்.

இனி லைசென்ஸ். கட்டணமும் தேதியும் ஒத்துப்போகின்றன. விக்டோரியாவில் 1851 செப்டம்பரில் ஆரம்பித்தபோது மாதம் 30 ஷில்லிங், அதாவது உங்கள் தாளில் உள்ள அதே ஒன்றரைப் பவுன் (ஒரு பவுன் என்பது 20 ஷில்லிங்). சுரங்கக்காரர்கள் கொதித்தெழுந்த பிறகு, 1853 கடைசியில்தான் மாதத்துக்கு ஒரு பவுன், மூன்று மாதத்துக்கு இரண்டு பவுன் என்று குறைத்தார்கள். 1854 தேதி போட்டு 30 ஷில்லிங் என்று அச்சிட்ட தாள் வந்தால் நான் உடனே சந்தேகப்படுவேன். உங்களுடையதில் அந்தக் குறை இல்லை. ஆனால் இதை மட்டும் வைத்து அசல் என்று சொல்லிவிட முடியாது. நினைவுப்பொருளாக நகல் அடிப்பவர்கள் அசல் ஒன்றைப் பார்த்துத்தானே அடிக்கிறார்கள், தேதியும் கட்டணமும் அதில் சரியாகவே இருக்கும்.

ஜன்னல் வெளிச்சத்தில் தாளைச் சாய்த்துப் பிடித்துப் பின்பக்கம் பாருங்கள். ஈய எழுத்து அழுத்திய தடம் லேசாகப் புடைத்திருக்க வேண்டும். அடுத்து பூதக்கண்ணாடி. அச்செழுத்துக்குள் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் அது இந்தக் காலத்து அச்சு, அத்தோடு கதை முடிந்தது. எண், பெயர், கமிஷனர் கையெழுத்து எல்லாம் பேனாவால் எழுதியவை. அந்த மை காலப்போக்கில் பழுப்பாகும், கோட்டின் ஓரத்தில் காகிதத்துக்குள் கசிந்திருக்கும். அச்செழுத்தும் கையெழுத்தும் ஒரே கறுப்பாக இருந்தால் நகலோ என்று சந்தேகப்படுங்கள். தேநீரில் முக்கியதுபோல் இரண்டு பக்கமும் ஒரே சீராகப் பழுத்திருப்பதும் நல்ல அறிகுறி இல்லை.

கடைசியாக, எண்ணையும் பெயரையும் குறித்துக்கொண்டு, டிரோவிலும் (ஆஸ்திரேலியத் தேசிய நூலகத்தின் இணையத் தேடல் தளம்) விக்டோரியா மாநில நூலகத்தின் இணைய அட்டவணையிலும் தேடுங்கள். அதே எண், அதே பெயரில் நூலகப் படம் ஒன்று வந்து நின்றால் உங்கள் தாள் எதைப் பார்த்து அடித்தது என்று தெரிந்துவிடும்.

இந்தத் தாளை ஆள் எப்போதும் உடம்போடு வைத்திருக்க வேண்டும், கேட்டபோதெல்லாம் காட்ட வேண்டும் என்பது அதிலேயே அச்சிட்ட நிபந்தனை. அதனால் சட்டைப்பையில் மடிந்து, வியர்வை பட்டு, மடிப்புகள் சந்திக்கும் இடத்தில் ஓட்டை விழுந்ததுதான் நிறைய. 1854 நவம்பர் 29 அன்று எங்கள் ஊர் பேக்கரி ஹில்லில் கூடியவர்கள் லைசென்ஸைக் கொளுத்தினார்கள். நாலே நாளில், டிசம்பர் 3, யுரேகாவில் சுரங்கக்காரர்களுக்கும் அரசுப் படைக்கும் சண்டை. மறு வருஷம் லைசென்ஸுக்குப் பதிலாக ஆண்டுக்கு ஒரு பவுனில் 'மைனர்ஸ் ரைட்' (சுரங்கக்காரர் உரிமைச் சீட்டு) வந்தது. பழைய தாளை யார் பத்திரப்படுத்தப் போகிறார்கள்?

அட்லஸை வெட்டாதீர்கள். ஐந்து ஷில்லிங் வீதம் 42 பாகமாக, வீடு வீடாகப் போய்ச் சந்தா பிடித்து விற்றது அது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பணம் கட்ட மறுத்தவர்கள் கோர்ட் வரைக்கும் போனார்கள். ஏராளமாக விற்றதால் அரிய புத்தகம் இல்லைதான். ஆனால் ஆளாளுக்கு வெட்டி வெட்டி, முழுசாக இருக்கும் பிரதிதான் குறைந்துகொண்டே வருகிறது.

எதில் தொடங்குவது என்று கேட்டால், தூக்கிப்போடுவதற்கென்றே அச்சடித்த தாளில் தொடங்குங்கள். அதிலும் ஒரு ஊர் அல்லது ஒரு வருஷம் என்று சுருக்கிக்கொள்ளுங்கள். நான் சேர்ப்பது 1916, 1917 கட்டாய ராணுவச் சேவை வாக்கெடுப்புத் துண்டுப் பிரசுரங்கள் மட்டுமே. முதல் தடவை 'வேண்டாம்' ஜெயித்தது சுமார் 72,000 ஓட்டில். அந்த வித்தியாசத்துக்காக இரு தரப்பும் அடித்துத் தள்ளிய காகிதம் கொஞ்சநஞ்சமா? தாய்மாரை மிரட்டும் படம், தாய்மாரைக் கெஞ்சும் படம், இரண்டும் என்னிடம் ஒரே கோப்பில் இருக்கின்றன. அடியில் பொடி எழுத்தில் இருக்கும் அச்சகப் பெயரை விடாதீர்கள். எந்த ஊரில், யார் காசில் அடித்தது என்று அதை வைத்தே பிடிக்கலாம்.

சிட்னி வாசகி:

பெரியவர் சொல்வதில் பாதிக்கு எனக்கு ஒப்புதல் இல்லை. துண்டுத்தாள் மட்டும் போதாது ஐயா, பின்னணி தெரிய புத்தகமும் வேண்டும். முதல் கப்பல்கூட்டத்தோடு வந்த ராணுவ அதிகாரி வாட்கின் டென்ச்சின் 1789ஆம் வருஷத்துப் புத்தகத்தின் முதல் பதிப்பு நமக்கு எட்டாது, சரி. தெற்கு ஆஸ்திரேலிய நூலக வாரியம் 1960களில் போட்ட மறுபதிப்பு வரிசையில் ஆரம்ப காலப் புத்தகங்கள் பல இருக்கின்றன, விலையும் கட்டுப்படியாகும். அப்புறம், ஃபெர்குசன் நூலட்டவணை. ஆஸ்திரேலியா தொடர்பாக 1784 முதல் 1900 வரை அச்சானவற்றின் பட்டியல், ஏழு தொகுதி. விற்பனைப் பட்டியலில் 'ஃபெர்குசன் எண்' என்று போடுவது அதைத்தான். மாநில நூலகத்திலேயே உட்கார்ந்து பார்க்கலாம், வாங்க வேண்டியதில்லை.

ஜீலாங் குமரன்:

இருவருக்கும் நன்றி. பார்த்துவிட்டேன். பின்பக்கம் தடவினால் எழுத்துத் தடம் தெரிகிறது. மை பழுப்பு, புள்ளி எதுவும் இல்லை. எண்ணைத் தேடியதில் ஒன்றும் வரவில்லை. ஆனால் மடிப்பே இல்லை, தாள் சமமாக இருக்கிறது. அதுதான் உறுத்துகிறது.

பல்லாரட் பெரியவர்:

உறுத்தட்டும், தப்பில்லை. யாராவது பிற்பாடு நோட்டுக்குள் அழுத்தி வைத்திருக்கலாம். அப்படியானாலும் பழைய மடிப்பின் கோடு சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும், இன்னொரு முறை பாருங்கள். தெரியாவிட்டால் அன்சாப் (ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் பழம்புத்தக விற்பனையாளர்) சங்கத்தில் உறுப்பினராக உள்ள கடைக்காரர் யாரிடமாவது நேரில் காட்டுங்கள். ஃபோட்டோவை வைத்து நானும் சொல்ல மாட்டேன், அவரும் சொல்ல மாட்டார்.

அசல் என்று ஆகி, வெளிநாட்டில் யாராவது விலை கேட்டால் அவசரப்பட்டுத் தபாலில் போட்டுவிடாதீர்கள். 1986ஆம் வருஷத்துக் கலாசாரப் பாரம்பரியச் சட்டத்தின்கீழ் ஏற்றுமதி அனுமதி தேவையா என்று விசாரித்துவிட்டு அனுப்புங்கள்.

சிட்னி அம்மாவுக்கு: மறுபதிப்பு வரிசை நல்ல யோசனை, ஒத்துக்கொள்கிறேன். என் அலமாரியிலும் சில இருக்கின்றன.

குமரன், அந்த டிராம் டிக்கெட் கட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. எந்தக் கம்பெனி, எந்த வழித்தடம்? ரப்பர் பேண்ட் போட்டிருந்தால் முதலில் கழற்றுங்கள். ஏலக்காரர் கொடுத்த ரசீதையும் எறிந்துவிடாதீர்கள், எந்த வீட்டிலிருந்து வந்த பெட்டி என்று பென்சிலால் அதில் எழுதி, லைசென்ஸோடு சேர்த்து வையுங்கள்.