மறு: 'டூஷென் ஸ்மைல்' – தமிழில் என்ன?

> 'உண்மைப் புன்னகை' என்றே வைத்துவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

ஐயா, புரியும்தான். ஆனால் வாயோரம் உயர்வதோடு கண்ணோரமும் சுருங்கும் இந்த முறுவலுக்கு அந்த 'உண்மை' என்ற அடை உறுத்துகிறது.

ஆங்கிலக் கதைகளில் ஸ்மைலுக்கு முன்னால் வரும் அடைகளைப் பாருங்கள். டூதி, லாப்சைடட், டைட்-லிப்டு எல்லாம் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்பவை: பல் தெரிகிறது, ஒரு பக்கம் கோணுகிறது, உதடு பிரியவில்லை. ஜெனுயின் (உண்மையான), ஃபோர்ஸ்டு (வலிந்து வரவழைத்த), ஸ்மக் (தற்பெருமை மிக்க) போன்றவை தீர்ப்புகள். பாத்திரத்தின் மனசு தெரிந்த கதாசிரியர் தாராளமாகத் தீர்ப்பு எழுதலாம். கலைச்சொல்லுக்கு அந்த உரிமை இல்லை.

பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் டூஷென் 1862இல் வெளியிட்ட நூலில் பேசியது தசைகளைப் பற்றி. ஒன்று வாயோரத்தை மேலே இழுப்பது, மற்றது கண்ணைச் சுற்றி இருப்பது. முதல் தசையை மட்டும் மின்சாரத்தால் தூண்டினால் வாய் சிரிக்கும், முகம் சிரிக்காது. கண் தசை நம் விருப்பத்துக்கு அடங்காது என்று அவர் நம்பினார். உளவியலாளர்கள் எக்மனும் ஃப்ரீசனும் 1978இல் வெளியிட்ட முக அசைவுக் குறியீட்டு முறையில் வாயோர இழுப்புக்கு எண் 12, கன்னம் உயர்ந்து கண்ணோரம் சுருங்குவதற்கு 6. அப்புறம் வந்த ஆய்வுகளில், சிரிக்கச் சொன்னதும் பலர் கண்ணையும் சேர்த்தே சுருக்கிக் காட்டியிருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுதும்போது 'போலியான உண்மைப் புன்னகை' என்றா எழுதுவது?

என் பரிந்துரை: கண்சேர் முறுவல்.

'சிரிப்பு' வேண்டாம், லாஃபும் அதற்குள் வந்துவிடும். 'புன்னகை'யில் 'புன்' என்பது சிறுமையைக் குறிக்கிறது. இதுவோ முகம் முழுக்க விரியக்கூடியது.

> அப்படியானால் எதிர்ச்சொல் 'உதட்டுச் சிரிப்பு' தானே? வழக்கில் இருக்கிறதே.

அழகான வழக்கு, கதையில் அதைத்தான் எழுத வேண்டும். 'புன்னகை கண்களை எட்டவில்லை' என்று மொழிபெயர்ப்புகளில் படிக்கும்போது, 'உதட்டளவில் சிரித்தாள்' என்று எழுதியிருக்கலாமே என்று ஏங்குகிறேன். ஆனால் அதில் பொய் என்ற குற்றச்சாட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மரியாதைக்காக முறுவலிப்பவர் பொய்யரல்ல. ஆகவே ஆய்வெழுத்துக்கு 'கண்சேரா முறுவல்' போதும்.

மருத்துவ நூல்களில் 'டூஷென் முறுவல்' என்பதும் இணையாக இருக்கட்டும். தசைநோய் ஒன்றுக்கும் அவர் பெயர்தான் வழங்குகிறது, மாணவர்களுக்குப் பழக்கமான பெயர். மேலே சொன்ன கண் தசையான ஆர்பிகுலாரிஸ் ஆக்குலைக்குக் 'கண்சுற்றுத் தசை' சரியா? உடற்கூறியல் கற்பிப்பவர்கள் சொல்லுங்கள்.